மாதத்தில் எத்தனை நாள்

மருந்துக் கடை நோட்டில் என் பக்கத்தின் அடியில் நின்ற தொகை ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு. அதில் தலைவலித் தைல டப்பா மூன்று, வயிற்றெரிச்சலுக்கு வாங்கிய பாட்டில் இரண்டு. மிச்சமெல்லாம் தலைவலி மாத்திரை. ஒன்றின் விலை நான்கு.

கடைக்காரர் முகம் கோணாத மனிதர். கேட்டால் கொடுப்பார், கொடுத்ததை எழுதுவார். சம்பள நாளில் நான் நூறோ நூற்றைம்பதோ நீட்டினால் மொத்தத்தில் கழித்து, கீழே புதுத் தொகை போட்டு, அடியில் ஒரு கோடு இழுப்பார். அடுத்த சம்பளத்துக்குள் அது ஏறிவிடும். ஏறியதை அவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நானும் எடுத்துக்கொள்ளவில்லை.

நான் வேலை பார்ப்பது ஒரு சலவை ஆலையில். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் தங்கும் விடுதிகளிலிருந்தும் படுக்கை விரிப்புகள் வரும். துவைத்துப் பிழிந்த விரிப்பை ரோலர் மெஷினுக்குள் கொடுப்பது என் வேலை. அதைத் தனியாகச் செய்ய முடியாது, ஜோடி வேண்டும். ஈர விரிப்பின் மூலைகளை ஆளுக்கொன்றாகப் பிடித்து, ஒரே நேரத்தில் ஓர் உதறு உதறி, விளிம்பு சுருங்காமல் மெஷினின் ஓடும் பட்டையின் மேல் வைக்க வேண்டும். சூடான ரோலர் இழுத்துக்கொள்ளும். மறுபக்கம் காய்ந்து, சுருக்கமில்லாமல் வெளியே வரும்.

என் ஜோடியை எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். என்னைவிடப் பதினைந்து வயது இளையவள், ஒன்றரைத் தலை உயரம். இருவரும் தரையில் நின்றால் விரிப்பு கோணலாக உள்ளே போகும். அதனால் என் பக்கம் ஒரு மரப்பலகை போட்டிருந்தார்கள். அதற்கு மேடை என்று பெயர் வைத்தவள் அவள்தான்.

"அக்கா மேடை ஏறிட்டாங்க. எல்லாரும் உக்காருங்க, பேசப் போறாங்க" என்று தினமும் காலையில் சொல்வாள். தினமும் யாராவது சிரிப்பார்கள்.

நூறு விரிப்புக்கு இவ்வளவு என்று ஜோடிக்குக் கூலி. ஒருத்தி வராவிட்டால் மற்றவளுக்கு ரோலரில் இடமில்லை. அன்றைக்கு அவளை அழுக்கு ரூமுக்கு அனுப்புவார்கள். ரத்தமும் மலமும் பட்ட துணிகளைப் பிரிக்கும் இடம். அங்கே நாள் கூலி, ரோலர் கூலியில் பாதிக்குக் கொஞ்சம் மேல். எனக்குத் தலை வலித்து நான் வீட்டில் படுத்தால் நெட்டையின் கூலியில் பாதி போகும். அவளுக்கு இரண்டு பிள்ளைகள்.

இதனால்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். மற்றவர்கள் தலை வலித்தால் மாத்திரை போடுவார்கள். நான் வலிப்பதற்கு முன்பே போட்டேன். காலையில் ஏப்ரன் கட்டும்போது ஒன்று. மத்தியானம் சாப்பிட்டதும் ஒன்று. சில நாள் நான்கு மணிக்கு இன்னொன்று. மெஷினுக்கு எண்ணெய் விடுவது போல என்று நினைத்துக்கொண்டேன். மெஷின் நின்ற பிறகா எண்ணெய் விடுவார்கள்?

என் தலைவலி சாதாரணத் தலைவலி இல்லை. இருபது வயதிலிருந்து இருக்கிறது. இடது கண்ணோரத்தில் கண்ணாடிச் சில் போல ஒன்று மினுங்க ஆரம்பிக்கும். அரை மணி நேரத்தில் அது போய்விடும், வலி வரும். இடது பொட்டில் ஆணி அடிப்பது போல இருக்கும். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, சோப்பு வாசனை ஆகாது. வாந்தி எடுத்தால் கொஞ்சம் தணியும். முன்பெல்லாம் மாதத்துக்கு இரண்டு தடவை வரும். கடைசி இரண்டு வருடமாக அதுவும் வந்தது, அதோடு தினமும் காலையில் தலையைச் சுற்றிக் கயிறு கட்டியது போல ஒரு மந்த வலியும் வந்தது. அதற்கும் மாத்திரை போட்டேன்.

ஒரு நாள் மூன்று மாத்திரை போட்ட பிறகும் அந்தப் பெரிய வலி வந்தது. மேடையிலிருந்து இறங்குவதற்குள், துவைத்த விரிப்பு நிறைந்த வண்டியிலேயே வாந்தி எடுத்துவிட்டேன். எழுபது விரிப்பு, எல்லாம் திரும்பத் துவைக்க வேண்டியவை.

சூப்பர்வைசர் கத்தவில்லை. கத்தாமல் பேசினால் அவர் முடிவெடுத்துவிட்டார் என்று அர்த்தம்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா ரோலர் வேணாம்மா. ஒரேயடியா அழுக்கு ரூமுக்கே போயிடு."

"அவங்க போனா நான் யாரோட நிக்கிறது?" என்றாள் நெட்டை.

"நீயும்தான் போவ. உன் உயரத்துக்கு வேற ஜோடி எங்க தேடறது?"

அவள் எனக்குத் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். "அக்கா, உங்களுக்குத் தலைவலி. எனக்கு நீங்கதான் தலைவலி. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாங்க" என்றாள்.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சின்ன வயதுக்காரர். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். கோட்டில் நடக்கச் சொன்னார். வலி வருவது, மினுங்குவது, வாந்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "இது மைக்ரேன்" என்றார். எனக்கு அது தெரிந்த வார்த்தைதான். பிறகு என்னென்ன மாத்திரை போடுகிறேன் என்று கேட்டார். பையிலிருந்து வெட்டிய அட்டைத் துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

"மாசத்துல எத்தனை நாள் இதைப் போடறீங்க?"

"தலை வலிச்சா போடுவேன்."

"அதான், எத்தனை நாள்?"

"அப்பப்ப."

பேனாவை மேசை மேல் வைத்தார். "அப்பப்பன்னு நான் எழுத முடியாதும்மா. ஒரு மாசம் தேதி போட்டு எழுதிட்டு வாங்க. அதைப் பார்த்துட்டுத்தான் மருந்து மாத்தணும்."

ஒரு மாதம் காத்திருக்க எனக்கு நேரமில்லை. அதற்குள் இன்னொரு வண்டி நாசமானால் அழுக்கு ரூம்தான். பஸ்ஸில் வரும்போது எனக்கு மருந்துக் கடை நோட்டு ஞாபகம் வந்தது. நான் வாங்கியது அன்றன்றைக்கு, அன்றன்றைய மாத்திரை. கையில் காசில்லாதவர்கள் அட்டையாக வாங்கி வைக்க மாட்டார்கள். அதனால் நான் மாத்திரை போட்ட ஒவ்வொரு நாளும் அந்த நோட்டில் தேதியோடு இருந்தது.

கடைக்குப் போய் என் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். கடன் தீர்க்க வந்திருக்கிறேன் என்று அவர் நினைத்தார் போல, நோட்டைச் சந்தோஷமாகத் திருப்பி வைத்தார். நான் பையிலிருந்து ஆலையின் பழைய கணக்குச் சீட்டு ஒன்றை எடுத்து, பின்பக்கத்தில் தேதிகளைப் பார்த்து எழுத ஆரம்பித்தேன். நான் எழுதக் கற்றது நாற்பத்திரண்டு வயதில், ஆலைத் தொழிலாளர் சங்கத்து அறையில் வாரம் மூன்று மாலை. ஒரு வரிக்கு எனக்கு நேரமாகும். ஏழெட்டு வரி எழுதுவதற்குள் மூன்று பேர் வந்து மருந்து வாங்கிப் போய்விட்டார்கள்.

"என்னம்மா, எம்மேல கேஸ் போடப் போறியா?"

"டாக்டரம்மா கேட்டாங்கண்ணே. எந்தெந்தத் தேதியில போட்டேன்னு."

அவர் கை நோட்டின் மேல் வந்து உட்கார்ந்தது.

"கடைப் பேரைச் சொன்னியா?"

"அவங்க கேக்கல. நான் சொல்லல."

"டாக்டர் சீட்டு இல்லாம இவ்வளவு குடுத்திருக்கேன்னு நாளைக்கு எவனாவது வந்து நிப்பான்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இங்க பாரு. இந்தப் பக்கத்தையே கிழிச்சிடறேன். உன் கடனும் போச்சு, என் பயமும் போச்சு. நீ எழுதினதை மட்டும் குடுத்துடு."

ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு எனக்கு ஒரு மாத வாடகையைவிடக் கூட. நான் யோசித்தேன். யோசிக்கவில்லை என்று எழுதினால் பொய்.

"பக்கம் போனா தேதியும் போயிடும்ணே" என்றேன். "எனக்குத் தேதிதான் வேணும். உங்க கடைப் பேரு இந்தச் சீட்டுல எங்கயும் இல்ல, பாருங்க."

சீட்டைப் பார்த்தார். நோட்டைத் தன் பக்கம் திருப்பினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, விரலை வைத்துப் போன மாதத்தை மேலிருந்து கீழே எண்ணினார். வாய் அசைந்தது. பாதியில் நிறுத்திவிட்டு முதலிலிருந்து எண்ணினார்.

"முப்பது நாள்ல இருபத்தி நாலு நாளா?"

எனக்கும் அப்போதுதான் தெரிந்தது.

"நான் கூட்டலை மட்டுந்தாம்மா பார்த்தேன்" என்றார்.

நோட்டை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார். பிறகு, "நான் சொல்லிக்கிட்டே வர்றேன், நீ எழுது. நீ பார்த்துப் பார்த்து எழுதற வேகத்துக்கு நான் கடையை நாளைக்குத்தான் சாத்தணும்" என்றார். அவர் தேதியும் எண்ணிக்கையும் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மூன்று மாதம் எழுதி முடித்தோம்.

கிளம்பும்போது, "கடன் கடன்தான், ஆமா. கிழிக்கிற பேச்செல்லாம் பயத்துல சொன்னது" என்றார்.

டாக்டரம்மா சீட்டை முன்னும் பின்னும் பார்த்தார். மாதத்துக்கு ஒரு வட்டம் போட்டார். இருபத்தி நாலு, இருபத்தி இரண்டு, இருபத்தி ஐந்து.

"இந்த மாத்திரையில மூணு மருந்து கலந்திருக்கு. இதை மாசத்துல பத்து நாளோ அதுக்கு மேலயோ, மாசக்கணக்கா போட்டுக்கிட்டே வந்தா, வலியைப் போக்கற மாத்திரையே வலியைக் கொண்டு வரும். உங்களுக்குத் தினமும் காலையில வர்ற வலி மாத்திரையால வர்றது. வயித்தெரிச்சலும் அதாலதான் இருக்கும்."

"அப்ப நிறுத்தணுமா?"

"நிறுத்தணும். முதல்ல வலி அதிகமாகும், அப்புறம் குறையும்."

"எத்தனை நாள் அதிகமாகும்?"

அவர் சிரித்துவிட்டார். "இப்ப நீங்க கேக்கறீங்களா? சில பேருக்கு ரெண்டு மூணு நாள். சில பேருக்குப் பத்து நாள். ஒரேயடியா சரியாக இன்னும் சில வாரம்."

புது மாத்திரையின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார். ட்ரிப்டான் வகை என்றார். அதை எழுதுவதற்கு முன் கையில் பட்டை சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். நெஞ்சு வலி வந்ததுண்டா, குடும்பத்தில் யாருக்காவது மாரடைப்பு, பக்கவாதம் உண்டா, சர்க்கரை உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இது ரத்தக் குழாயைச் சுருக்கும் மருந்து, இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது என்றார். பிறகு என்னையே திருப்பிச் சொல்லச் சொன்னார். பழைய மாத்திரை முழுக்க நின்ற பிறகுதான் இது. பெரிய வலி ஆரம்பித்ததும் போட வேண்டும், காத்திருக்கக் கூடாது, வருமுன்னும் போடக் கூடாது. குறைந்து மறுபடி வந்தால் இரண்டு மணி நேரம் கழித்து இன்னொன்று, அன்றைக்கு அவ்வளவுதான். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் கூடாது. கழுத்தும் தாடையும் கொஞ்சம் இறுகினால் பயமில்லை, நெஞ்சை அழுத்தினால் உடனே வர வேண்டும்.

"போட்டா வலி போயிடுமா?"

"சில பேருக்கு ரெண்டு மணி நேரத்துல முழுசா போகும். நிறைய பேருக்குக் குறையும். சில பேருக்கு ஒண்ணும் ஆகாது. உங்களுக்கு எப்படின்னு போட்டாத்தான் தெரியும். இன்னொண்ணு, யாருக்கும் குடுக்காதீங்க."

பத்து நாள் விடுப்புக்குச் சீட்டு தருகிறேன் என்றார். வாங்கிக்கொண்டு வந்து நெட்டையிடம் காட்டினேன். அவள் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தாள்.

"பத்து நாளா? பத்து நாள் அழுக்கு ரூம்ல இருந்தா எம்புள்ளைங்க என்னை வாசல்லயே குளிக்கச் சொல்லுங்க அக்கா."

"வேற என்ன பண்றது?"

விரல் விட்டு ஏதோ எண்ணினாள். "லீவு போடாதீங்க. வந்து மேடையில நில்லுங்க. மூலையைப் புடிச்சுக்கிட்டா போதும். உதறுறது நான் பாத்துக்கறேன். கூலி கொறையும். ஆனா பாதியா கொறையாது."

மேடைக்கு அடியில் ஒரு மஞ்சள் வாளி வைத்தாள். எலக்ட்ரிஷியனைப் பிடித்து, என் தலைக்கு மேல் இருந்த டியூப் லைட்டைக் கழற்ற வைத்தாள். சூப்பர்வைசர் கேட்டபோது, "டியூப் பியூஸ் போச்சு சார், புதுசு வாங்கிட்டு வரணும்" என்று எலக்ட்ரிஷியனே சொன்னார். அவர் எதற்காக எங்களுக்காகப் பொய் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மாத்திரையை நிறுத்திய அந்த நாட்களைப் பற்றி எழுத அதிகமில்லை. முன்பு நாளுக்குத் தொள்ளாயிரம் விரிப்பு போட்டுக்கொண்டிருந்தோம். முதல் நாள் எழுநூறு, மூன்றாம் நாள் ஐந்நூற்று நாற்பது. கண்ணை மூடிக்கொண்டே மூலையைப் பிடித்தேன். நெட்டை தன் பக்கம் உதறிவிட்டு, என் பக்கம் ஓடி வந்து விளிம்பை நீவிவிட்டு, திரும்ப ஓடுவாள். "நான் ரோலர்ல வேலை பாக்கறேனா, ரயிலுக்கு ஓடறேனான்னு தெரியல" என்றாள். வாளியை நான்கு தடவை அவள்தான் கொண்டுபோய்க் கழுவினாள். வீட்டில் என் வீட்டுக்காரர் சத்தம் வரக் கூடாதென்று பூனை மாதிரி நடந்து, சமையலறையில் ஒரு தட்டைக் கீழே போட்டார்.

ஐந்தாம் நாள் மத்தியானம் என்னால் முடியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மருந்துக் கடைக்குப் போய் நின்றேன்.

"என்ன வேணும்?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லைக்கு விலை கிடையாது, எடுத்துட்டுப் போ" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணு குடுங்கண்ணே. இன்னைக்கு மட்டும்."

அவர் மாட்டேன் என்று சொல்லவில்லை. நோட்டை எடுத்து, என் பக்கத்தைத் திறந்து, என் பக்கம் திருப்பி வைத்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"தேதி போட்டுத்தான் குடுப்பேன். போடட்டுமா?"

கடைசியாக எழுதியிருந்த தேதியைப் படித்தேன். அதற்குக் கீழே ஐந்து நாள் காலி. எழுத்துகள் கண்ணில் குத்தின. நெட்டை உதறிய விரிப்புகளை நினைத்தேன். ஐந்து நாள், இரண்டு பேர் கூலி. பேனா தாளுக்கு ஓர் அங்குலம் மேலே நின்றுகொண்டிருந்தது.

"வேணாம்" என்றேன்.

அவர் மூடியைப் போட்டார். ஒரு டம்ளரில் தண்ணீர் கொடுத்தார். அதைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்து மேடையில் ஏறினேன். அன்றைக்கு ஐந்நூறுகூட ஆகவில்லை.

பதினோராம் நாள் காலையில் எழுந்ததும் ஏதோ ஒன்று குறைவது போல இருந்தது. என்னவென்று பிடிபட வெகுநேரம் ஆனது. தலையைச் சுற்றி இருந்த கயிறு இல்லை.

அதற்குப் பிறகு பெரிய வலி வராமல் இல்லை. மூன்று வாரம் கழித்து, இரண்டரை மணிக்கு, கண்ணோரத்தில் சில் மினுங்கியது. பொட்டில் முதல் குத்து விழுந்ததும் புது மாத்திரை ஒன்றைப் போட்டேன். கழுத்து கொஞ்ச நேரம் இறுகி, பிறகு விட்டது. நான்கரைக்கு வலி பாதியாக இருந்தது. பாதி வலியோடு விரிப்பு போடலாம், போட்டேன். அடுத்த தடவை ஒன்றரை மணி நேரத்தில் முழுதாகப் போய்விட்டது. மூன்றாம் தடவை ஒன்றுமே ஆகவில்லை. கையிலிருந்த வண்டியை முடித்துவிட்டுப் போடலாம் என்று ஒரு மணி நேரம் தாமதித்தேன், அதனாலாக இருக்கலாம். அன்றைக்கு நான் வீட்டுக்குப் போய்ப் படுத்தேன், நெட்டை அழுக்கு ரூமுக்குப் போனாள். ஒரே நாள். சூப்பர்வைசர் ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் அந்த மாதம் எங்கள் எண்ணிக்கைதான் முதலாவது.

ஆஸ்பத்திரியில் மாதத்துக்கு ஆறு மாத்திரை தருவார்கள். ஒரு நாள் நெட்டை தலையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, உங்க புது மாத்திரையில ஒண்ணு குடுங்க. மண்டை உடையுது."

"அது குடுக்கக் கூடாது."

"குடுக்கக் கூடாதா?" மூலையைக் கீழே விட்டாள். "உங்க வாளியை நான் கழுவினேன். கணக்கு வச்சிருந்தா நீங்க எனக்கு ஒரு வாரக் கூலி தரணும். ஒரு மாத்திரை தர மாட்டீங்க?"

அவள் சொன்னது சரிதான். ஆனால் மாடி ஏறும்போது நெஞ்சு படபடக்கிறது என்று போன வாரம் அவளே சொல்லியிருந்தாள். அதைச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வரச் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. விரிப்பை மட்டும் கோபமாக உதறினாள். கோபத்தில் போட்ட விரிப்பெல்லாம் நேராகவே உள்ளே போயின.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ரத்த அழுத்தம் சரியாக இருந்தது, இதயமும் சரியாக இருந்தது. சாதாரண ஜலதோஷம். சாதாரண மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். "டாக்டரக்கா மேடையில இருக்காங்க, யாருக்காச்சும் ஜலதோஷம்னா ஈசிஜி எடுத்துட்டு வாங்க" என்று ஒரு மாதம் ஆலை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். தப்பாகச் சொல்லிவிட்டேனா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். இல்லை என்றார்.

மருந்துக் கடைக்கு மாதம் முந்நூறு கொடுத்தேன். மாத்திரைக்குப் போகாத காசுதான் பெரும்பாலும். ஆறு மாதத்தில் ஆயிரத்து எண்ணூறு. ஏழாம் மாதம் சம்பளத்தன்று ஐம்பதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவர் என் பக்கத்தைத் திறந்தார். நாற்பத்தாறைக் கழித்து, பூஜ்யம் போட்டு, இரண்டு கோடு இழுத்தார். பிறகு கல்லாவைத் துழாவினார்.

"நாலு சில்லறை இல்லையேம்மா."

சில்லறை இல்லாவிட்டால் அதே விலைக்கு ஏதாவது கொடுப்பது அவர் வழக்கம். கை பழக்கத்தில் பின்னால் போய், பழைய மாத்திரை அட்டையை எடுத்து, கத்திரிக்கோலால் ஒன்றை வெட்டிவிட்டது. வெட்டிய பிறகு அவரும் அதைப் பார்த்தார், நானும் பார்த்தேன்.

"ச்சே" என்று மேசை இழுப்பறையில் போட்டு மூடினார். "அப்ப அந்த நாலை என்ன பண்றது?"

நோட்டை என் பக்கம் திருப்பி, அவர் பேனாவை வாங்கினேன். இரண்டு கோட்டுக்கும் கீழே அன்றைய தேதியை எழுதி, கடைக்காரர் தர வேண்டியது நான்கு என்று எழுதினேன். எழுதி முடிக்கும் வரை அவர் பொறுமையாக நின்றார்.